நெல்லின் இலைக்கழுத்தில் ஒரு ஸ்டீராய்டு: டெல்டா வயலில் வைத்துக் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வரப்பில் நின்றபடி ஒரு நெற்பயிரின் இலையை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே வாருங்கள். தண்டைப் போர்த்தியிருக்கும் உறை முடிந்து, தட்டையான இலை வெளியே விரியத் தொடங்கும் இடத்தில் வெளிறிய சின்னப் பட்டை ஒன்று தட்டுப்படும். உள்பக்கம் மெல்லிய நாக்கு, இரு ஓரத்திலும் மயிரடர்ந்த காதுகள். இந்த இடத்தைக் கட்டுரை முழுக்க இலைக்கழுத்து என்றே சொல்லப்போகிறேன். இலை நிமிர்ந்து நிற்குமா, சாய்ந்து படுக்குமா என்பது இந்தக் கழுத்தைப் பொறுத்தது. அந்தக் கழுத்தை வளைப்பதில் பெரும்பங்கு ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனுக்கு உண்டு.

போன சம்பாப் பட்டத்தில் சித்தப்பா ஒரு குப்பியோடு வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, கடைக்காரன் இது ஸ்டீராய்டு ஹார்மோன்ங்கிறான். பயில்வானுங்க போட்டுக்கிற ஊசியில்ல அது? அதைப் போயி பயிருக்கு அடிக்கச் சொல்றானே?" என்றார்.

"அது வேற, இது வேற சித்தப்பா. இதைப் பயிர் தானே செஞ்சுக்குது" என்றேன்.

"தானே செஞ்சுக்குதுன்னா நான் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?"

தாவரவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் பாதி உண்மைதான் தேறும். முழுப் பதிலுக்குச் சில படிகள் ஏற வேண்டும்.

முதல் படி: எந்த ஸ்டீராய்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்டீராய்டு என்பது மருந்தின் பெயர் அல்ல, மூலக்கூறு ஒன்றின் கட்டமைப்புக்குப் பெயர். நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மூன்று ஆறு மூலை, ஒன்று ஐந்து மூலை. கொலஸ்ட்ரால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசால் எல்லாம் இந்த ஒரே சட்டத்தில் வேறு வேறு கைப்பிடி வைத்தவை. ஒரே ஆசாரி செய்த கதவும் கலப்பையும் ஒன்றாகிவிடாது அல்லவா, அப்படித்தான்.

செடிகளில் இந்தச் சட்டம் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது. முதலாவது, செல்லின் சவ்வைக் கட்டுவது. சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் ஆகியவை அந்த வேலைக்காரர்கள். நல்லெண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் இவற்றை நாம் தினமும் சாப்பிடுகிறோம். இரண்டாவது, தற்காப்பு. வாய்க்கால் கரையில் நிற்கும் எருக்கின் பாலிலும், அரளியிலும், மஞ்சள் அரளி விதையிலும் இருக்கும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு ஸ்டீராய்டு வகைதான். அமுக்கராக் கிழங்கின் வித்தனோலைடு, பச்சைத் தக்காளியின் டொமாட்டின், வெயில் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கின் சோலனைன் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். மூன்றாவது, மிகமிகக் குறைந்த அளவில் இருந்துகொண்டு வளர்ச்சியை நடத்துவது. இந்த மூன்றாவது வகைக்குப் பெயர் பிராசினோஸ்டீராய்டு. இனி பேசப்போவது இதைப் பற்றி மட்டும்.

இரண்டாம் படி: எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரலாற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அளவு எவ்வளவு சிறியது என்பது அதில்தான் புரியும்.

1968-லேயே ஜப்பானில் ஒரு மரத்தின் இலைச்சாறு நெல்லிலையைச் சாய்க்கிறது என்று கண்டார்கள். சாய்க்கும் பொருள் இன்னதென்று அப்போது பிடிபடவில்லை. 1970-ல் அமெரிக்க வேளாண் துறையில் ஜே. டபிள்யூ. மிச்செல் குழுவினர், கடுகுக்கு உறவான ரேப் செடியின் மகரந்தச் சாற்றை அவரைவகை நாற்றில் தடவியபோது கணுவிடை விசித்திரமாக நீண்டது. கடுகு இனத்தின் அறிவியல் பெயர் பிராசிகா. அதிலிருந்து பிராசின் என்று பெயரிட்டார்கள். உள்ளே இருக்கும் பொருளைத் தனியே பிரிக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 227 கிலோவைக் கரைத்து, வடித்து, மறுபடி வடித்து, 1979-ல் கிடைத்த படிகம் 4 மில்லிகிராம். நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு மூட்டை மகரந்தம். ஒரு நெல்மணி சுமார் 20 மில்லிகிராம் என்றால், கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் துளிதான் பிராசினோலைடு. எக்ஸ்-கதிர் வழியாகப் பார்த்தபோது, இரண்டாம் வளையத்துக்குள் ஓர் ஆக்சிஜன் நுழைந்து ஏழு மூலையாகி நின்றது.

அதன்பின் இந்தக் குடும்பத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கண்டுவிட்டார்கள். நெல்லில் முக்கியமாக வேலை செய்வது பிராசினோலைடு அல்ல, அதற்கு ஒரு படி முந்தைய காஸ்டாஸ்டெரோன். 1982-ல் அதை முதலில் பிரித்தது செஸ்ட்நட் மரத்தில் பூச்சி உண்டாக்கிய முடிச்சிலிருந்து.

இருந்தும், இது உண்மையிலேயே செடிக்கு அவசியமா என்ற சந்தேகம் பலருக்கு நீடித்தது. 1996-ல் அது தீர்ந்தது. அமெரிக்கத் தாவர அறிவியலாளர் ஜோன் சோரியின் ஆய்வகத்தில், அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துக் குட்டிச் செடியின் குறைபாடுள்ள வகை ஒன்றை வைத்திருந்தார்கள். குள்ளம், கரும்பச்சை, இருட்டில் வைத்தாலும் வெளிச்சத்தில் நிற்பதுபோல் வித்திலையை விரித்துக்கொள்ளும். பிராசினோலைடு கொடுத்ததும் தேறிவிட்டது. அந்தச் செடியில் பழுதாகியிருந்த நொதி, மனித உடலில் டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் நொதிக்கு உறவுக்காரன். மனித நொதியின் மரபணுவைச் செடிக்குள் வைத்தபோது அதுவும் குறையைச் சரிசெய்தது! இதைப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

மூன்றாம் படி: செல் எப்படிக் கேட்கிறது

இங்கே செடியும் நாமும் பிரிகிறோம். நம் உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன் பெரும்பாலும் செல்லுக்குள் நேராக நுழைந்து, உள்ளே இருக்கும் ஏற்பியோடு, அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு, சேர்ந்து மரபணுவிடம் போகும். செடியில் அது வாசலோடு நின்றுவிடும். செல்லின் சவ்வில் பிஆர்ஐ1 என்ற ஏற்பி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஹார்மோன் அதில் உட்கார்ந்ததும் பிஏகே1 என்ற துணை பக்கத்தில் வந்து சேரும். செய்தி உள்ளே போகும்.

உள்ளே நடப்பதை விளக்க மடைப்பலகையைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. பிஐஎன்2 என்ற நொதிதான் பலகை. ஹார்மோன் இல்லாதபோது அது மடையை அடைத்துக்கொண்டிருக்கும். பிஇசட்ஆர்1 என்ற புரதத்தை மரபணுக்களிடம் போகவிடாது. வாசலில் ஹார்மோன் தட்டினால் பலகை உயரும், பிஇசட்ஆர்1 செல்லின் கருவுக்குள் பாயும், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கும் அல்லது அடங்கும். செல் சுவர் தளர்ந்து செல் நீளும். பாய்ச்சல் போதும் என்றானதும் பிஇசட்ஆர்1 போய், ஹார்மோன் தயாரிக்கும் மரபணுக்களையே அடக்கிவிடும். நிரம்பிய வயலுக்கு மடையை மூடும் வேலையையும் பயிர் தானே பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஹார்மோன், ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனைப் போல நெடுந்தூரம் பயணிப்பதில்லை. பட்டாணியில் ஒட்டுக்கட்டிப் பார்த்தபோது, ஹார்மோன் செய்ய முடியாத கிளைக்கு வேர்ப்பக்கத்திலிருந்து உதவி வந்து சேரவில்லை. எங்கே தேவையோ அங்கேயே, அந்தத் திசுவே காய்ச்சிக்கொள்கிறது. சித்தப்பாவின் கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

நான்காம் படி: கண்ணால் பாருங்கள்

ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் விட முளைப்பாரி போடும் வீடுகளில் இதன் ஒரு வேலையைப் பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் வளர்ந்த முளைகள் வெளிர் மஞ்சளாய், மெலிந்து, ஒரே சீராக நீண்டு நிற்கும். ஒளியைத் தேடி மண்ணுக்குள்ளிருந்து முட்டி வரும் முளைக்கு வேண்டிய நீட்சி அது. ஜிப்ரலின் என்ற வேறொரு ஹார்மோனும் பிராசினோஸ்டீராய்டும் கைகோத்துத்தான் அதை நடத்துகின்றன. இந்த ஸ்டீராய்டு செய்ய முடியாத செடியை அதே இருட்டறையில் வைத்தால் குட்டையாக நின்றுவிடும்.

அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நெல்லே நல்ல கருவி. உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் இலைச்சாய்வுச் சோதனை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செம்மைப்பட்டது. அதை வீட்டிலும் பள்ளியிலும் செய்யும்படி எளிதாக்கியிருக்கிறேன்.

ஒரே ரக நெல்லில் நூறு மணி எடுத்து ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைகட்டுங்கள். ஈரப் பஞ்சில் பரப்பி, வெளிச்சமே புகாதபடி பானையால் கவிழ்த்து மூடுங்கள். ஏழெட்டு நாளில் இரண்டாவது இலை முழுதாக விரிந்து, மூன்றாவது எட்டிப்பார்க்கும். அப்போது மங்கிய வெளிச்சத்தில் வைத்து, இரண்டாவது இலையின் கழுத்து நடுவில் வரும்படி, மேலே 1 செ.மீ. இலை, கீழே 1 செ.மீ. உறை என்று புது பிளேடால் நறுக்குங்கள். அவசரம் வேண்டாம், கழுத்து நசுங்கினால் அந்தத் துண்டு வீண்.

துண்டுகளை ஒரு நாள் இருட்டில் காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிடுங்கள். மறுநாள், சராசரிக்கு மேல் வளைந்ததையும் வளையவே இல்லாததையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றுபோல் இருக்கும் நாற்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பலர் இந்தப் பொறுக்கும் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு முடிவு தெளிவாக வரவில்லை என்பார்கள்.

கரைசலுக்கு, கடையில் கிடைக்கும் 0.04 சதவீத ஹோமோபிராசினோலைடு போதும், அதுவும் இதே குடும்பம்தான். அதன் ஒரு லிட்டரில் 400 மில்லிகிராம் ஹார்மோன் இருக்கிறது. ஆகவே 1 மி.லி.யை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 0.04. மறுபடி அப்படியே செய்தால் 0.004. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குப்பிக்குள் கரைப்பானும் இருக்கும். சமையலறைப் பாத்திரம் ஆகாது.

வெறும் நீர் ஒன்று, கரைசல் மூன்று, ஆக நான்கு கிண்ணம். கிண்ணத்துக்குப் பத்துத் துண்டு. 48 மணி நேரம் இருட்டு. ஆய்வகத்தில் 29 பாகை வெப்பம் வைப்பார்கள். நம் ஊரில் ஆவணி மாதத்து அறையே கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். பிறகு ஒவ்வொரு துண்டையும் கோணமானியில் வைத்து, உறையின் நேர்க்கோட்டிலிருந்து இலை எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று எழுதுங்கள். ஹார்மோன் கூடக் கூட இலை பின்னோக்கி மடங்கிக்கொண்டே போகும். கழுத்தின் உள்பக்கத்துச் செல்கள் வெளிப்பக்கத்தைவிட அதிகமாக நீள்வதால் வரும் மடிப்பு அது. ஆக்சினும் அளவு மிகுந்தால் இலையைச் சாய்க்கும் என்பதால், வளைந்ததெல்லாம் ஸ்டீராய்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவ்வளவு நுண்ணிய அளவுக்கு இப்படி மடங்குவது இந்தக் குடும்பத்துக்கே உரிய குணம்.

ஐந்தாம் படி: விதை முதல் மணி வரை அதன் வேலைகள்

விதையைத் தூங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்துக்கு எதிராக நின்று முளைப்பைத் தூண்டும். வேரில் குறைந்த அளவு நீட்டும், மிகுந்தால் குறுக்கும். தூர் கட்டுவதிலும் இதற்குப் பங்குண்டு. இதன் செய்தியைச் சரியாக வாங்க முடியாத நெல் வகைகள் குள்ளமாகவும் தூர் குறைந்தும் நிற்கின்றன. நீரைத் தூக்கும் சைலக் குழாய்கள் உருவாக இது வேண்டும். மகரந்தம் தேற இது வேண்டும். இல்லாத செடிகளில் ஆண் பாகம் மலடாகிவிடும். முதலில் கண்டெடுத்ததே மகரந்தத்தில்தானே.

மணி நிரம்புவதுதான் நமக்குப் பெரிது. 2008-ல் வெளியான ஒரு நெல் ஆய்வில், இந்த ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணுவைத் தண்டு, இலை, வேர் ஆகியவற்றில் மட்டும் கூடுதலாக இயங்க வைத்தார்கள். மணிக்குள் சர்க்கரை போய்ச் சேர்வது கூடி, செடிக்குச் செடி 15 முதல் 44 சதவீதம் விளைச்சல் கூடியது. "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் கூட்டினால் இலை சாய்ந்துவிடும்.

ஆறாம் படி: குறைந்தாலும் லாபம், கூடினாலும் லாபம் என்ற முடிச்சை அவிழ்த்துக்கொள்ளுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். சம்பாவும் தாளடியும் வெளிச்சத்துக்கு ஏங்கும் காலம். மேலிலை படுத்துக் குடைபிடித்தால் கீழிலை பட்டினி. நிமிர்ந்த இலை ஒளியை அடிவரை விடும். 2000-ல் டி61 என்ற நெல் வகையில் பிஆர்ஐ1 ஏற்பியே பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். இலை ஈட்டி போல நிமிர்ந்திருந்தது, ஆனால் பழுது கடுமையாக இருந்தால் பயிர் குறுகிப்போகும். 2006-ல் ஜப்பானியர் இன்னொன்று காட்டினார்கள். ஹார்மோன் தயாரிப்பில் ஒரே வேலையைப் பார்க்கும் இரு நொதிகளில் ஒன்று மட்டும் செயலிழந்த நெல்லில் இலை நிமிர்ந்தது, மணிக்குச் சேதமில்லை. நெருக்கி நட்டபோது கூடுதல் உரமில்லாமலே விளைச்சல் கூடியது. ஜப்பான், கொரியா உழவர்கள் நெடுங்காலமாக விதைத்துவந்த ஊசு என்ற குட்டை வாற்கோதுமையிலும் இதே பிஆர்ஐ1 ஏற்பிதான் மாறியிருக்கிறது.

1966-ல் வந்த ஐஆர்8-ன் குட்டை உயரத்துக்குக் காரணம் ஜிப்ரலின் குறைவு. அது வேறு ஹார்மோன், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பா காற்றில் சாய்வதும் தண்டின் உயரத்தால் வருவது, இலைக்கழுத்தால் அல்ல.

ஆக, இலைக்கழுத்தில் ஹார்மோன் குறைந்தால் வெளிச்சம் லாபம். மணி நிரம்பும் வேலைக்கு அது கூடினால் எடை லாபம். பயிர் தன் திசுக்களுக்குத் தனித்தனியே அளந்து கொடுத்துக்கொள்கிறது. நாம் தெளிப்பதோ பயிர் முழுக்க ஒரே அளவாக விழுகிறது. கேள்வியின் மறுபாதிக்கு இதுதான் பதில். காசு கொடுத்து வாங்குவது அளவை அல்ல, நேரத்தை. அந்த நேரம் பொருந்தினால்தான் பலன்.

ஏழாம் படி: குப்பியைப் படியுங்கள்

லேபிளில் ஹோமோபிராசினோலைடு என்ற பெயரும் சதவீதமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறும் டானிக், பூஸ்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே என்ன என்று எழுதாத ஒரு குப்பியை எங்கள் தெருவில் நாலு பேர் வாங்கி ஏமாந்ததை நான் பார்த்தேன். கடைக்காரரிடம் கேட்டபோது "நல்லா விளையும்" என்பதுதான் பதில்.

எந்தப் பருவத்தில், எத்தனை மி.லி. என்பதை லேபிள்படியே செய்யுங்கள். பச்சை கூடட்டும் என்று இரட்டிப்பாக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால், வயலுக்குப் போகும் ஹார்மோன் 80 மில்லிகிராம், அதாவது நான்கு நெல்மணி எடை. தழைச்சத்துக் குறைவையோ துத்தநாகக் குறைவையோ இது ஈடுகட்டாது. இதுவே உரமும் ஆகாது.

பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்து அடிப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நம் பக்கம் இலையுறைக் கருகலுக்குப் பயன்படும் புரோபிகோனசோல், செடிக்குள் பிராசினோஸ்டீராய்டு தயாராவதைத் தடுக்கும் குணமுள்ளது என்று அராபிடாப்சிஸிலும் மக்காச்சோளத்திலும் 2012-ல் காட்டியிருக்கிறார்கள். நோய்க்கு அதை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த படியில் சொல்லும் சோதனையில், ஹார்மோன் அடிக்கும் பட்டையில் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் எது என்ன செய்தது என்று தெரியாது.

எட்டாம் படி: ஒரு மாவில் சோதியுங்கள்

ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட, ஒரே மடையில் நீர் பாயும் ஒரு மா நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 33 சென்ட். அதை ஆறு பட்டையாகப் பிரித்துக் குச்சி நடுங்கள். எந்த மூன்றுக்கு ஹார்மோன் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். நல்ல மண் பக்கம் தானாகக் கை போகும், அதைத் தடுக்க இதுதான் வழி. மற்ற மூன்றுக்கும் அதே அளவு வெறும் நீரைத் தெளியுங்கள். தெளிப்பானை முதலில் நீருக்கும், பிறகு ஹார்மோனுக்கும் பயன்படுத்துங்கள். காலையில், காற்று எழும் முன்.

கதிருக்கு அடியில் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை வந்ததும், பட்டைக்குப் பத்துக் குத்தில் அதன் சாய்வை அளந்து எழுதுங்கள். ஒரு குச்சியில் கல் கட்டித் தொங்கவிட்டு, அதோடு சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்தும் அளக்கலாம். பால் பிடித்த பின் கதிருக்கு எத்தனை பதர் என்று எண்ணுங்கள். அறுவடையில் ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் 5-க்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதைத் தனியே அறுத்து, அடித்து, ஒரே மாதிரி காயவைத்து எடை போடுங்கள்.

சித்தப்பா இந்தச் சம்பாவில் குச்சி நட்டுவிட்டார். எந்தப் பட்டைக்கு எது அடித்தோம் என்று எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. அறுக்கும்வரை கேட்கக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறோம். ஆறு எடையும் எழுதியபின் தாளைப் பிரிப்போம். ஹார்மோன் பட்டை மூன்றும் நீர்ப் பட்டை மூன்றையும் தெளிவாகத் தாண்டியிருந்தால், கூடுதல் நெல்லின் விலையிலிருந்து குப்பி விலையையும் தெளிப்புக் கூலியையும் கழிப்போம். எடைகள் கலந்துகட்டி நின்றால் அடுத்த குறுவைக்குக் குப்பி வாங்குவதில்லை.